குன்னூர் ஈரத்தில் வீட்டு ஒலிப்பதிவு: ரீப்பரும் அதனோடு வாங்க வேண்டிய கருவிகளும்

இங்கே மதிப்பிடப்படும் மென்பொருளும் கருவிகளும் குன்னூருக்குச் சற்றுக் கீழே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய தகரக் கூரை வீடொன்றில், பத்தடிக்குப் பத்தடி அளவுள்ள ஓர் அறையில் அன்றாடம் பயன்பட்டு வருபவை. குரல், வயலின், கிட்டார், ஆர்மோனியம் ஆகியவையே அங்கு மிகுதியாகப் பதிவாகின்றன. எப்போதாவது ஒரு தேவாலயப் பாடகர் குழுவோ படுகர் பாட்டுப் பாடும் இளைஞர்களோ வருவதுண்டு. கணினியில் ஒலியைப் பதிவு செய்து, வெட்டி, கலந்து பாட்டாக்கும் மென்பொருள் ரீப்பர். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸ் ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் 2ஐ2, நான்காம் தலைமுறை. மைக்குகள் ஷூர் எஸ்எம்58, எஸ்எம்57. ஹெட்போன் ஆடியோ டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ். இவற்றைப் பற்றி இணையத்தில் மதிப்புரைகளுக்குப் பஞ்சமில்லை என்றாலும், அவை பெரும்பாலும் காய்ந்த காற்றும் தடையற்ற மின்சாரமும் உள்ள அறைகளிலிருந்து எழுதப்பட்டவை. சுமார் 1850 மீட்டர் உயரத்தில், வடகிழக்குப் பருவமழையை நேரடியாக வாங்கிக்கொள்ளும் ஒரு சரிவில், ஈரப்பதமும் மழைச் சத்தமும் மின்சாரமும் இணையமும் ஒரு கருவியின் தகுதியைத் தீர்மானிக்கின்றன; ஒலித்தரத்தைப் பற்றிய எண்களை அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மைக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மலைவாசிகள் அதிகமாகப் பணத்தை இழப்பது அங்கேதான். வீட்டு ஒலிப்பதிவுக்கென்று தொகுப்பாக விற்கப்படும் பெட்டிகளில் பெரும்பாலும் ஒரு கண்டென்சர் மைக் இருக்கும். சில மைக்ரான் தடிமனே உள்ள ஒரு சவ்வும் அதன் பின்னால் ஒரு தகடும் சேர்ந்து மின்தேக்கியாக இயங்குவதுதான் கண்டென்சரின் அடிப்படை. ஒலி பட்டுச் சவ்வு அசையும்போது உண்டாகும் மின்மாற்றம் மிகச் சிறியது; அது மிக உயர்ந்த மின்தடை கொண்ட ஒரு சுற்றின் வழியாக வெளிவருகிறது. காப்புப் பகுதியில் ஈரம் படிந்துவிட்டால் மின்னேற்றம் அதன் வழியே கசியத் தொடங்கும். பாடகர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும் அமைதியில்கூட எண்ணெயில் கடுகு வெடிப்பதைப் போன்ற சத்தம் பதிவில் விழும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் அறையில் இருந்த ஒரு கண்டென்சர் மைக் இப்படித்தான் வெடித்துக்கொண்டிருந்தது; உலர்த்திய பிறகு அது முழுமையாகத் தேறிவிட்டது. இது அந்த மைக்கின் தரக்குறைவால் வருவதல்ல, அந்த வகை மைக்கின் இயல்பினால் வருவது. ஆகவே விலையுயர்ந்த வேறொரு கண்டென்சரை வாங்குவது இதற்குத் தீர்வாகாது.

டைனமிக் மைக்கில் இந்தத் தொல்லை ஏறத்தாழ இல்லை. சவ்வோடு ஒட்டிய ஒரு கம்பிச் சுருள் காந்தப் புலத்துக்குள் அசைவதால் மின்சாரம் உண்டாகிறது. கசிந்துபோக அங்கே மின்னேற்றமும் இல்லை, பேன்டம் பவர் எனப்படும் 48 வோல்ட் மின்னூட்டமும் தேவையில்லை. எஸ்எம்57 வெளிவந்தது 1965-ஆம் ஆண்டு, எஸ்எம்58 அதற்கு அடுத்த ஆண்டு. இன்றும் உலகம் முழுவதும் மேடைகளில் இவை நிற்கின்றன என்றால், மழை, வியர்வை, எச்சில் மூன்றையும் தாங்கும் உறுதி அதற்கு ஒரு முக்கியக் காரணம். எங்கள் அறையில் குரலுக்கு 58, கிட்டாருக்கும் ஆர்மோனியத்துக்கும் 57 என்ற பிரிவினை எல்லாப் பருவத்திலும் சரியாக வேலை செய்கிறது. இணைப்பு முனைகளில் மட்டும் பச்சை படியாமல் அவ்வப்போது துடைத்து வைக்க வேண்டும்.

டைனமிக் மைக்கை விரும்புவதற்கு இன்னொரு காரணம், கூரையின் மேல் விழும் மழை. இவ்வகை மைக்கை வாய்க்கு மூன்று அங்குலத் தொலைவில் வைத்துப் பாடலாம். ஓரடித் தொலைவில் வைப்பதோடு ஒப்பிட்டால் குரலின் மட்டம் சுமார் 12 டெசிபெல் கூடுகிறது, கூரைச் சத்தமோ இருந்த அளவிலேயே இருக்கிறது. அந்த 12 டெசிபெல்தான் தூறல் நாளில் பதிவைக் காப்பாற்றுகிறது. நெருங்கிப் பாடும்போது கீழ்ச்சுருதிகள் தேவைக்கு மேல் கனத்துக் கேட்கும் என்பது உண்மை. ஆண் குரலில் 80 ஹெர்ட்ஸுக்கும் பெண் குரலில் 120 ஹெர்ட்ஸுக்கும் கீழுள்ளவற்றை மென்பொருளில் வெட்டிவிட்டால் அது சீராகிவிடும். கொட்டும் மழையில் எந்த மைக்கும் உதவாது, அன்றைக்குப் பதிவை விட்டுவிட்டு, ஏற்கெனவே பதிவானவற்றைக் கலந்து செப்பம் செய்யும் மிக்சிங் வேலையைப் பார்ப்பதே சரி.

ஆயினும் கண்டென்சர் மைக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயலினின் வில் ஓசையும் வீணையின் நீண்ட நாதமும் எஸ்எம்57-இல் சற்று மங்கித்தான் பதிவாகின்றன. பத்துப் பேர் நின்று பாடும் தேவாலயக் குழுவை ஒரே டைனமிக் மைக்கால் எடுக்கவும் முடியாது. அத்தகைய தேவை உண்மையிலேயே இருப்பவர்கள் ஆடியோ டெக்னிகாவின் ஏடி2020-ஐ இரண்டாவது மைக்காக வாங்கலாம். அதனோடு இரண்டு பொருள்களையும் சேர்த்தே வாங்க வேண்டும்: காற்றுப் புகாத மூடியுள்ள ஒரு டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல். நீல நிற ஜெல் ஈரத்தை உறிஞ்சி இளஞ்சிவப்பானதும் அதை மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் அந்த நீலம் கோபால்ட் உப்பினால் வருவது, நஞ்சுள்ளது, ஆகவே சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும் வகை கிடைத்தால் அதுவே நல்லது. மார்கழி விடியலில் குளிர்ந்து கிடந்த மைக்கை, ஆட்கள் நிறைந்து கதகதப்பான அறைக்குக் கொண்டுவந்து உடனே திறந்தால் அதன் உலோகத்தின் மேலும் சவ்வின் மேலும் ஈரம் படியும். மூடிய டப்பாவிலேயே அது அறையின் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து எடுப்பது அவசியம்.

எஸ்எம்58-ஐ வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உலகிலேயே மிகுதியாகப் போலி செய்யப்படும் மைக்குகளில் இதுவும் ஒன்று, வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. நம்ப முடியாத குறைந்த விலையைக் கண்டு இணையத்தில் வாங்குவதைவிட, கோவைக்கு இறங்கும் நாளில் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்கிக்கொள்வது பாதுகாப்பானது. பழுதானாலும் மலைக்கு மேலே பார்த்துத் தருகிற ஆள் கிடைப்பது அரிது.

மைக் டைனமிக் என்று முடிவானதுமே இன்டர்ஃபேஸின் தேர்வும் பாதி முடிந்துவிடுகிறது. ஒரே அளவு ஒலிக்கு எஸ்எம்58 தருவது 1.88 மில்லிவோல்ட், ஏடி2020 தருவது 14.1 மில்லிவோல்ட், அதாவது டைனமிக் மைக்கின் குரலை அதே உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 17 டெசிபெல் கூடுதல் பெருக்கம் வேண்டும். மலிவான இன்டர்ஃபேஸ்களில் திருகை முழுவதும் திருப்பினால்தான் குரல் எழும், அப்போது 'உஸ்' என்ற இரைச்சலும் கூடவே எழும். 2023-இல் வெளிவந்த நான்காம் தலைமுறை ஸ்கார்லெட் வரிசையில் சிறிய மாடலான சோலோவின் பெருக்கம் 57 டெசிபெல், 2ஐ2-இன் பெருக்கம் 69 டெசிபெல். விலை வேறுபாட்டுக்கு இந்த 12 டெசிபெல் ஒன்றே போதுமான நியாயம் என்று கருதுகிறேன். மெல்லிய குரலில் தாலாட்டுப் பாடும் ஒருவரை எஸ்எம்58-இல் பதிவு செய்யும்போது இது தெளிவாகப் புரியும். இரண்டு மைக்குகளை ஒரே நேரத்தில் இணைக்க முடிவதும், எதிர்பாராமல் குரல் ஓங்கினால் தானே மட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதியும் 2ஐ2-இல் உண்டு. தனியாக உட்கார்ந்து, தானே பாடித் தானே பதிவு செய்கிறவர்களுக்கு அந்த வசதி பெரிய ஆறுதல். தாளத்தோடு ஒட்டிப் பாட வேண்டியவர்கள், கணினி வழியாகச் சுற்றி வரும் தங்கள் குரலைக் கேட்காமல், டைரக்ட் மானிட்டர் வசதியை இயக்கி நேரடியாகவே கேட்டுக்கொள்ளலாம். லேட்டன்சி, அதாவது தன் குரல் தாமதமாகக் காதுக்கு வருவது, என்ற கவலையே அப்போது எழாது.

இனி மென்பொருள். ரீப்பரை உருவாக்கியவர் வினாம்ப் என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல். அவருடைய காக்கோஸ் நிறுவனம்தான் இன்றும் அதை வெளியிடுகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அது ஓடும். நிறுவல் கோப்பு சில பத்து எம்பி அளவே என்பதால், மழை நாளில் ஒற்றைக் கோடு சிக்னலில் தவிக்கும் கைபேசி இணையத்திலும் இறக்கிக்கொள்ள முடிகிறது. பல ஜிபி ஒலித்தொகுப்புகளோடு வரும் மென்பொருள்களை எங்கள் சரிவில் இறக்க இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். உரிமத்தைச் சரிபார்க்க ரீப்பர் இணையத்தைத் தேடுவதில்லை. வாங்கியவுடன் வரும் ஒரு சிறு கோப்பைக் கொடுத்தால் போதும். மண்சரிவில் கேபிள் அறுந்து நாள்கணக்கில் இணையம் இல்லாமல் போகும் ஊரில், மாதந்தோறும் இணையத்தில் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் சந்தா மென்பொருளை நம்பி ஒரு வேலையை ஒப்புக்கொள்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

60 நாள் வரை எந்த வசதியும் குறைக்கப்படாமல் ரீப்பரை இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதன் பிறகும் அது பூட்டிக்கொள்வதில்லை, திறக்கும்போது உரிமம் வாங்குமாறு நினைவூட்டும். அந்த நம்பிக்கைக்கு மதிப்பளித்துப் பணம் கட்டுவதே முறை. தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் சிறு வருமானமுள்ளோருக்கும் உரிமம் 60 டாலர், பெரிய வணிகப் பயன்பாட்டுக்கு 225 டாலர், இரண்டிலும் வசதிகள் ஒன்றே. வாங்கும் பதிப்பும் அதற்கு அடுத்த பெரும்பதிப்பும் அதே உரிமத்தில் அடங்கும் என்பதால் ஒரு முறை செலுத்தும் தொகை பல ஆண்டுகளுக்குப் போதும்.

பயன்பாட்டில் நான் மிகவும் மதிக்கும் பகுதி, 2023-இல் வந்த ஏழாம் பதிப்பின் லேன் வசதி. ஒரே பல்லவியை நான்கைந்து முறை பாடினால் அத்தனையும் ஒரே ட்ராக்கில், அதாவது ஒலித்தடத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும். எந்தச் சொல் எந்த முறையில் சுத்தமாக விழுந்ததோ அந்தத் துண்டின் மேல் இழுத்துவிட்டால் அவை தாமாகவே இணைந்து ஒரு முழுமையான பாட்டாகிவிடும். நிரவலையும் சங்கதிகளையும் படிப்படியாக வளர்த்துப் பாடும் நம் பாடகர்களுக்கு இது பயன்படுவதைப் போல வேறெதுவும் பயன்படுவதில்லை. மிஸ்ர சாப்பு வேண்டுமென்றால் அளவை ஏழுக்கு எட்டு என்று மாற்றினால் கட்டங்கள் ஏழேழாக விழும். தாளத்துக்குள் அடங்காத ஆலாபனைக்குக் கட்டங்களையே அணைத்துவிட்டு அலையைப் பார்த்து வெட்டலாம். கூடவே வரும் ரியாஈக்யூ (தொனியைச் சீராக்க), ரியாகாம்ப் (ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய), ரியாவெர்ப் (எதிரொலி சேர்க்க) ஆகிய பிளக்இன்கள் எனப்படும் துணை மென்பொருள்கள் தோற்றத்தில் எளிமையானவை என்றாலும், ஒரு பாட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை செப்பம் செய்ய அவையே போதும். தேயிலை உலர்த்தும் தொழிற்சாலை மின்விசிறியின் ரீங்காரம் இரவில் பள்ளத்தாக்கைத் தாண்டி எங்கள் அறைக்கு வரும். பாட்டு இல்லாத சில வினாடிகளை ரியாஃபிர் என்ற பிளக்இன்னுக்குக் கொடுத்தால், மாறாமல் ஒலிக்கும் அந்த இரைச்சலை அடையாளம் கண்டு கழித்துத் தருகிறது. அளவுக்கு மீறிக் கழித்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதாகிவிடும். கணந்தோறும் மாறும் மழைச் சத்தத்துக்கு அது உதவாது.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரீப்பரோடு இசைக்கருவிகளின் ஒலித்தொகுப்பு வருவதில்லை. தபேலா, பியானோ, தந்திவாத்தியம் எதுவும் கிடையாது, ஒரு சாதாரண சிந்தசைசர் மட்டுமே உண்டு. திரைமுழுக்க மெனுக்கள் அடுக்கடுக்காக விரிவதால் முதல் வாரம் மலைப்பாகவே இருக்கும். ஆகவே குரலை விடக் கணினியில் இசையமைப்பதையே முதன்மையாகக் கொண்டவர்களுக்கு எஃப்எல் ஸ்டுடியோ இன்னும் பொருந்தும். ஒரு முறை வாங்கினால் வாழ்நாள் முழுவதும் புதுப்பிப்புகளை இலவசமாகத் தருவது அதன் சிறப்பு. ஆப்பிள் கணினியோ ஐபேடோ ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கராஜ்பேண்ட் இலவசமாகவே கிடைக்கிறது, தொடக்கநிலையில் உள்ளவர்கள் வேறெதையும் தேட வேண்டியதில்லை. அடாசிட்டி பதிவு செய்து வெட்டி ஒட்டுவதற்கு நல்லது. பல ட்ராக்குகளைக் கொண்ட ஒரு பாட்டை மிக்ஸ் செய்ய அதை நான் விரும்புவதில்லை.

கணினி எதுவானாலும் மடிக்கணினியாக இருப்பது இங்கே நன்மை. ஸ்கார்லெட் யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் பெறுகிறது. ஆகையால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியிலேயே பதிவு செய்தால், நடுப்பாட்டில் மின்சாரம் போனாலும் பாட்டு நிற்பதில்லை, சுவரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் முரளலும் பெருமளவு அடங்கிவிடுகிறது. அந்த முரளலைப் போக்க மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிடும் வழக்கம் சிலரிடம் உள்ளது. பாறை நிலத்தில் எர்த் ஏற்கெனவே சரியாகப் பிடிக்காத வீடுகளில், ஈரத் தரையில் நின்று உலோக மைக்கை உதட்டருகே பிடித்துப் பாடும் ஒருவரின் உயிரோடு விளையாடும் செயல் அது. தயவுசெய்து எவரும் செய்ய வேண்டாம். இன்வெர்ட்டரில் ஓட்டியே ஆக வேண்டுமென்றால் சைன் வேவ் வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும், மற்ற வகையின் இரைச்சல் பதிவுக்குள் நுழைந்துவிடும். 2020-இல் வந்த எம்1 மேக்புக் ஏரில் மின்விசிறியே இல்லை என்பதால், பயன்படுத்திய நிலையில் நல்ல விலைக்குக் கிடைத்தால் சிறிய அறைக்கு அதைவிட அமைதியான கணினியைக் காண்பது கடினம்.

ஹெட்போனா ஸ்பீக்கரா என்ற கேள்விக்கு இந்த அளவு அறையில் ஒரே விடைதான் உண்டு. பத்தடிச் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ் ஒலி தானாகப் பெருகும். நீளமும் அகலமும் ஒன்றாக உள்ள சதுர அறையில் அது இரட்டித்துக் கேட்கும். அந்த அறையில் ஸ்பீக்கரை நம்பி மிருதங்கத்தின் தொப்பியையோ பேஸ் கிட்டாரையோ சரிசெய்தால், வெளியில் ஒலிக்கும்போது அவை காணாமல் போயிருக்கும். ஊட்டிச் சந்தையில் கிடைக்கும் தடித்த கம்பளிகளைச் சுவருக்கு நான்கு அங்குலம் முன்னால் தொங்கவிடுவதால் குரலின் எதிரொலி நன்றாகவே அடங்குகிறது, அதற்கென்று செலவிடும் பணம் வீணல்ல. கீழ்ச்சுருதிகளின் மேல் அதற்கு எந்தப் பிடிமானமும் இல்லை. எனவே மூடிய வகை ஹெட்போனே சரி. ஏடிஎச்-எம்50எக்ஸ் கீழ்ச்சுருதியைச் சற்றுக் கூட்டிக் காட்டும், கேபிளைக் கழற்றி மாற்றலாம். 1991-இல் வந்த சோனி எம்டிஆர்-7506 மேல்சுருதிகளைக் கூர்மையாகக் காட்டுவதால் பிசிறுகளைக் கண்டுபிடிக்க உதவும், ஆனால் அதன் கேபிளைக் கழற்ற முடியாது. பாடகருக்கும் பதிவு செய்பவருக்கும் வேறு வேறு ஹெட்போன் வாங்க முடிந்தால் இரண்டில் ஒவ்வொன்றை வாங்கலாம்.

கணினியில் உள்ள ஒலித்தொகுப்புகளை வாசிக்க உதவும் மிடி கீபோர்டைப் பொறுத்தவரை ஒரு சொல் மட்டும். சிறியது, கையடக்கமானது என்று பலரும் வாங்கும் அகாய் எம்பிகே மினியின் மூன்றாம் தலைமுறையில் சுருதியை வளைக்க ஒரு சிறு ஜாய்ஸ்டிக்தான் இருக்கிறது. அதைக் கொண்டு தோடியின் காந்தாரத்தை அசைக்க முயன்றால் கை தடுமாறும். எம்-ஆடியோ கீஸ்டேஷன் 49 போன்ற, சக்கரம் வைத்த கீபோர்டில் கமகம் ஓரளவேனும் கைக்குள் வரும். வளைவின் எல்லை பொதுவாக இரண்டு அரைச்சுரங்கள் என்றே அமைக்கப்பட்டிருக்கும், ராகத்தின் தேவைக்கேற்ப ஒலித்தொகுப்பில் அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இத்தனை சொன்ன பிறகும் இந்த அறைக்குள் அடங்காத ஓர் இசை நீலகிரியில் இருக்கிறது. இம்மலையின் பழங்குடியினரான கோத்தர்களின் கொள் என்னும் ஊதுகருவியும் அவர்களுடைய பறைகளும் திறந்தவெளியில், ஆடுகிறவர்களின் நடுவே ஒலிப்பதற்கென்றே பிறந்தவை; அவற்றைப் பத்தடி அறைக்குள் அழைத்து வந்து பதிவு செய்வது இசைக்கும் நியாயமாகாது, காதுக்கும் நல்லதல்ல. அதற்கு ஒரு கையடக்க ரெக்கார்டர் போதும். ஜூம் எச்1 எசென்ஷியல் 32 பிட் ஃப்ளோட் முறையில் பதிவு செய்வதால், பறை எவ்வளவு ஓங்கி அதிர்ந்தாலும் மட்டத்தை முன்கூட்டித் திருகி வைக்க வேண்டியதில்லை. பதிவுக்குப் பிறகு மென்பொருளில் இறக்கிக்கொள்ளலாம். இரண்டு சிறு பேட்டரிகளில் ஓடுகிறது. காற்று வீசும் மேட்டில் மைக்கை மூடும் பஞ்சுறை கட்டாயம் வேண்டும். ஆடுகிறவர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்டு, பதிவின் ஒரு படியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் எடுத்த அந்தக் கோப்பை அறையில் பதிவான மற்ற ட்ராக்குகளோடு ரீப்பரில் அப்படியே சேர்த்துக்கொள்ளலாம்.